நியர் ஏரி

போன வாரம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கடைப் பெண் சீட்டை நீட்டி, "மேடம், தூரத்துப் பார்வை சூப்பரா இருக்குது. நியர்தான் போயிடுச்சு" என்றாள். ஐம்பதை நெருங்கினால் எல்லாருக்கும் போவதுதான். ஆனாலும் அந்த 'நியர்' காதில் விழுந்ததும் எனக்குச் சித்தி வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. வெளியே வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சித்திக்குப் போன் போட்டேன்.

"குழியில தண்ணி வந்துச்சா சித்தி?"

"இன்னும் இல்லம்மா. தரை மட்டும் சில்லுனு இருக்குது."

கண்ணாடிக் கடைக்கும் சித்தி வீட்டுக் குழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்கு நான் வேலைக்குப் போன முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிளஸ் டூ முடித்து, டைப்பிங் பாஸ் செய்த கையோடு தேரடிக்குப் பக்கத்தில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்த புதிது. ஏசி அறை என்று பெயர். ஏசி ஓடி நான் பார்த்ததில்லை. மெஷின் உருளையைத் துடைக்கிற கெரசின் வாசனை தலைமுடி வரைக்கும் ஏறியிருக்கும். எங்கள் ஊரில் அழைப்பிதழுக்கா பஞ்சம்? கல்யாணம், காதுகுத்து, பிரம்மோற்சவம், பட்டுக்கடைத் திறப்பு. எதை அடித்தாலும் விலாசத்துக்குக் கீழே ஒரு 'நியர்' இருந்தே தீரும். நியர் பஸ் ஸ்டாண்ட், நியர் தேரடி, நியர் ரயில்வே கேட். ஒரு மண்டபம் ஊரைத் தாண்டி, வயலையும் தாண்டி இருந்தது. அதுவும் நியர் பஸ் ஸ்டாண்ட்தான். நான் அடித்த அழைப்பிதழை நானே நம்பி நடந்தே போய், பந்தி முடிந்து இலை எடுக்கும்போது சேர்ந்தேன். 'பக்கத்தில்' என்று போட்டால் எவ்வளவு பக்கம் என்று கேட்பார்கள், 'நியர்' என்றால் கேட்கமாட்டார்கள். இதை நானே கண்டுபிடித்ததாக எனக்கு ஒரு மிதப்பு.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் மனை விற்கிற ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்தார். முசரவாக்கம் போகிற பக்கத்தில் புது நகர். அவர் எழுதி வந்த தாளில் தார்ச்சாலை, குடிநீர், வாஸ்து எல்லாம் இருந்தன. இடம் எங்கே என்பது மட்டும் மழுப்பலாக இருந்தது.

"கிட்டத்துல இன்னா சார் இருக்குது?" என்றேன்.

"ஏரி இருக்குதும்மா" என்றார், கொஞ்சம் தயங்கி.

"அப்ப நியர் ஏரின்னு பெரிய எழுத்துல போடலாம் சார். காத்தோட்டமா தெரியும்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார். "போடும்மா. எவ்ளோ நியர்னு எவன் கேக்கப்போறான்?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

நோட்டீஸ் பாதி ஓடியிருக்கும். மெஷின் ஓட்டுகிற அண்ணன் அதிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது? இது ஏரிக்குள்ள இல்ல இருக்குது? நான் தூண்டில் போட்ட எடமாச்சே" என்றார். கேட்டேன். காதில் நன்றாகவே விழுந்தது. முதலாளி முறைப்பார், நமக்கெதற்கு வம்பு என்று திரையைப் பார்த்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து சித்தப்பா வந்தார். சட்டைப்பையில் அதே நோட்டீஸ், நாலாக மடித்து. சித்தப்பா நெசவாளி. குழித்தறியில் உட்கார வேண்டுமென்றால் கால் தொங்கவிடத் தரையில் குழி வேண்டும். வாடகை வீட்டில் தரையைத் தோண்ட எந்த வீட்டுக்காரர் லேசில் விடுவார்? மூன்று வீடு மாறி, மூன்று முறை குழியை மூடிக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். சொந்தமாக ஒரு குழி என்பதுதான் அவருடைய கனவு.

"நீ அடிச்சதாமே? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவருடைய முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

வீடு எழும்பி, குழி தோண்டிய அன்று நானும் போனேன். சித்திரை வெயில். இடுப்பளவுகூடத் தோண்டவில்லை, மண் கறுப்பாக மாறியது. மண்வெட்டியில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் வந்தன. சித்தி ஒன்றைப் பொறுக்கித் துடைத்து ஜன்னலில் வைத்தாள். சித்தப்பா குழிக்குள் இறங்கி, உள்ளங்கையைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்ல ஈரம்மா. ஈரம் இருந்தாத்தான் பட்டு அறாது. கோடையிலயும் இழை நிக்கும்."

வேறு யாராக இருந்தாலும் அந்த ஈரத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். நெசவாளிக்கு அது வரமாகத் தெரிந்தது. எனக்கு மட்டும் அந்த நத்தை ஓடு ஜன்னலிலிருந்து என்னையே பார்ப்பது போல இருந்தது.

முதல் மழைக்குக் குழியில் ஊற்று கசிந்தது. மறு வருஷம் கணுக்கால். சித்தி சொம்பால் மொண்டு ஊற்றினாள். நாலாவது வருஷம் ஐப்பசியில், நல்ல பகல் வேளையில், தெருவில் தண்ணீர் வரும் முன்னே வீட்டுக்குள் வந்துவிட்டது. வாசல் காய்ந்திருக்க, குழி பொங்கிக்கொண்டிருந்தது. தறியில் ஏற்றிய பாவில் முகூர்த்தப் புடவை பாதி நெய்தபடி நின்றது. அதை அறுத்து எடுக்கிறேன் என்று இடுப்பளவுத் தண்ணீரில் சித்தப்பா தடவிக்கொண்டிருந்தாராம். சித்திதான் தோளைப் பிடித்து இழுத்தாள். இரண்டு நாள் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் கிடந்தார்கள்.

விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"யாருகிட்டம்மா விக்கறது? வாங்கறவனும் மனுசன்தானே" என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு நான் கெஞ்சவில்லை.

நேற்று புதுக் கண்ணாடியோடு அங்கே போனேன். இரண்டு நாளாக மழை. போகிற வழியில் ஏரிக்கரை இருந்த இடத்தில் சாலை. கொக்குகள் உட்கார்ந்த கருவேல மரங்கள் இல்லை. மிச்சமிருந்த ஏரியையும் லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கி, புது நகர் போட்டிருக்கிறார்கள். சித்தப்பா வீடு இப்போது பள்ளத்தில் இருக்கிறது. புதுப் பலகையில் நியர் பைபாஸ், நியர் ஸ்கூல் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. ஏரி என்ற வார்த்தையே இல்லை.

சித்தப்பா தறியருகில் நின்றிருந்தார். இத்தனை வருஷம் அடக்கி வைத்ததை உளறிவிட்டேன். "அந்த நோட்டீஸ்ல ஏரின்னு போட்டது நான்தான் சித்தப்பா. அது ஏரிக்குள்ளன்னு எனக்குத் தெரியும்."

அவர் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார்.

"பொய் ஒண்ணும் இல்லியேம்மா. எவ்ளோ நியர்னு வந்து பாரு."

சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கி, தறியில் உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்தேன். அத்தனை பெரிய ஏரியில் மிஞ்சியது அந்தக் குழிக்குள் கறுப்பாக நின்றிருந்தது. அவருடைய கணுக்கால் தெரியவில்லை.