அப்பாவின் காலும் பட்டணத்து எலிகளும்

எலி என்றால் எனக்கு அருவருப்பும் இல்லை, பயமும் இல்லை. கோபம்தான். வருடக்கணக்காக வயிற்றுக்குள் கறுவிக்கொண்டு கிடக்கிற கோபம்.

கிளிநொச்சியில் ஒரு நெல் ஆலைக்குப் பின்னால் அப்பாவும் நானும் குடியிருந்தோம். ஆலை நெல்லைத் தின்று கொழுத்த எலிகள் அங்கே பூனையைக் கண்டால்கூட அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் விலகும். தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்தபோது, நெல்மூட்டைகளையும் சட்டிபானைகளையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு விசுவமடுவுக்குப் போனோம். கொட்டில் போட்டு, முதல் மூட்டையை அவிழ்த்தேன். இரண்டு எலிகள் குதித்து ஓடின. நாசமாய்ப் போனதுகளை நாங்களேதான் ஏற்றி இறக்கியிருக்கிறோம்!

விசுவமட்டு வயல் எலி பாவம், ஆளைக் கண்டால் ஓடிவிடும். இதுகள் பட்டணத்து எலி, ரவுண் எலி; ஓடாது, நின்று பார்க்கும். உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் கண்ணிலேயே காணக் கிடைக்காத அந்த நாளில், பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு கட்டியையும் தின்று தீர்த்தன. கொஞ்ச நாளில், குண்டுக்குப் பதுங்க நாங்கள் வெட்டிய பங்கரில் குடும்பமாகக் குடியேறின. விமானச் சத்தம் எங்கள் காதுக்கு எட்டுமுன் அவற்றுக்கு எட்டிவிடும். அவை உள்ளே ஓடுவதைப் பார்த்து நாங்கள் ஓடிய நாட்களும் உண்டு.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை. ஒரு நாள் காலை தேத்தண்ணி கொண்டுபோனால், பாயெல்லாம் இரத்தம். வலது காலின் சின்ன விரல் நுனியைக் காணவில்லை.

"கால் நோகேல்லையோ அப்பா?"

"இல்லையே, ஏன் பிள்ளை?" என்றவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்தார். "எலி ஊதி ஊதித்தானே கடிக்கும். அதுதான் தெரியேல்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா செத்துப் பல வருடம். அவரை விட்டால் எனக்கு ஒருவரும் இல்லை. மருந்து கட்டிய டாக்குத்தர், "இன்னொரு காயம் வந்தால் காலை எடுக்க வேண்டி வரும், கவனம்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கே பொறி வைத்தேன், கருவாட்டுத் துண்டோடு. முதல் ஒரு கிழமைக்குள் நான்கு விழுந்தன. ஒவ்வொன்றையும் கல்லால் நசித்தேன். "அப்பான்ர விரல் ருசியாய் இருந்ததோ? தின், இப்ப தின்!" என்று கத்திக் கத்தி நசித்தேன். பாவம் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. பொறி விழாமல் கருவாட்டை மட்டும் உருவி எடுத்தன. தேங்காய்ப் பூவில் நஞ்சு கலந்து வைத்தேன். ஒன்று தின்று செத்தது. மற்றவை அதைப் பார்த்துவிட்டுக் கிட்டவும் வரவில்லை. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பக்கத்துக் காணி அக்கா வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தா.

"நீங்க மக்குகளைத்தான் கொன்னீங்க தங்கச்சி. கெட்டிக்காரதுங்க உசிரோட இருந்து குட்டி போடுதுங்க. அதுங்க குட்டி இன்னும் கெட்டிக்காரதா வரும்."

அவா சொன்னது சரி. பொறியைக் கண்டறியாத குட்டிகள்கூட அதைச் சுற்றிப் போயின. நான்தான் வடிகட்டி வடிகட்டி வளர்த்திருக்கிறேன். அது எனக்கு இன்னும் வெறியை ஏற்றியது.

ஒரு மத்தியானம், அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், பங்கரின் ஒரு வாசலை மண்மூட்டையால் அடைத்தேன். மற்ற வாசலின் கடைசிப் படியில், அகலச் சட்டி நிறையச் சிரட்டைத் தணலை வைத்து, செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டேன். புகை உள்ளே இறங்கியது. விறகுக் கட்டையோடு மேலே நின்றேன். வாங்கோடா, வாங்கோ.

ஒன்று வெளியே வந்தது. அடித்தேன். இரண்டாவதை ஓங்கும்போது விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டது. அப்பா கொட்டிலுக்குள்ளிருந்து விழுந்தடித்து ஓடி வந்தார்.

"இறங்கடி பிள்ளை, இறங்கு!"

பிடரியில் பிடித்து என்னைப் படியில் தள்ளிக்கொண்டு இறங்கினார். புகையில் உள்ளே போக முடியவில்லை. கடைசிப் படியில் என்னை மண்சுவரோடு அமத்தி, தன் முதுகால் மூடிக்கொண்டு நின்றார். மிளகாய் எரிவில் கண்ணைத் திறக்க வழியில்லை. எங்கேயோ குண்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. அதற்கிடையில் தசை கருகுகிற மணம் என் மூக்கில் ஏறியது. எலி ஒன்று தணலில் விழுந்துவிட்டது. வேகட்டும், சனியன் நன்றாய் வேகட்டும் என்று மனதுக்குள் சொன்னேன்.

சத்தம் தூரப் போனபிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். அப்பாவின் இடது கால் தணல் சட்டிக்குள் நின்றது. விரல் போன கால் இல்லை, மற்றது.

"பிளேன்காரன் போயிட்டான் பிள்ளை, பயப்பிடாதை" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் என்ன நடந்தது என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"எலி கடிச்சது, ஐயா."

டாக்குத்தர் கருகிய பாதத்தைப் பார்த்தார். "இதுவும் எலியோ?"

"ஓம். இந்த ரவுண் எலியள் என்னவும் செய்யும்."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பார்க்க வந்து விசாரித்த சனத்துக்கெல்லாம் நானும் எலி என்றுதான் சொன்னேன்.