விஷங்களுக்கு வரிசை எண் போட்ட நாட்கள்

1. நாலு இடம், ஒரு லோரி

அன்று காலை என் மேலதிகாரி ஞானராஜ் மேசையைத் தட்டினார். நான் பட்டியலைத் தட்டினேன்.

"நீதானே போய்க் கேட்டே அந்தோணி? நீதானே பூஜ்யம்னு எழுதினே?"

"எழுதினேன் சார். அதுதான் உறுத்துது. இன்னிக்கு அனுப்பாதீங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும் லா. உன் உறுத்தலுக்கு எந்தக் கட்டத்துல மார்க் போடறது?"

எண்பதுகளின் பிற்பகுதி அது. நாங்கள் சுற்றுச்சூழல் இலாகாக்காரர்கள். மலேசியாவின் தென் கெடாவில், கூலிமுக்கும் செர்டாங்குக்கும் இடைப்பட்ட பகுதியில், விஷக் கழிவு கிடக்கும் நான்கு இடங்களைக் கண்டுபிடித்திருந்தோம். முதலாவது, கூலிம் பட்டணத்தில் மூடிப்போன ஒரு முலாம் பூசும் பட்டறை. உள்ளே சயனைடு இருந்தது. இரண்டாவது, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய கொட்டகை. மூன்றாவது, பலகைகளை மருந்தில் ஊறவைத்த தொட்டி. நான்காவது, லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பழைய ஸ்டோர். அங்கே களைக்கொல்லிப் பீப்பாய்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஓர் இடத்தை மட்டும் சுத்தம் செய்யத் தலைமையகம் ஒப்புதல் தந்திருந்தது. ஒரு லோரி, ஒரு குழு. எந்த இடம் முதலில் என்று நாங்கள்தான் எழுதி அனுப்ப வேண்டும்.

ஞானராஜ் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வெளிநாட்டில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு, அமெரிக்காவில் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்ற குறிப்புகளைக் கட்டாக நகலெடுத்து வந்திருந்தார். நான் படித்தவன், ஆனால் இதை அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. இந்த வேலைக்கு இனி வரப்போகும் இளைஞர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

கொடிய விஷம் எதுவோ அதுதான் பட்டியலில் முதலில் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அப்படியில்லை. கேள்விகள் மூன்று. இந்தப் பொருள் எவ்வளவு கொடியது? இப்படிப்பட்ட இடங்களில் எவ்வளவு அடிக்கடி அகப்படுகிறது? மனிதர்மேல் படவோ அவர்கள் வாய்க்குள் போகவோ எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். மூன்றையும் கூட்டினால் வருவதுதான் வரிசை. சிட்டிகையளவில் ஆளைக் கொல்லும் சரக்கு பூட்டிய அறையில் சிமெண்ட் தரைமேல் இருந்தால் அது பின்னுக்குப் போகலாம். பத்து வருஷம் எடுத்துக்கொண்டு கொல்லும் சரக்கு அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்தால் அது முன்னுக்கு வரும்.

தோட்டத்து ஸ்டோரில் இருந்தது ஆர்சனிக். முதல் இரண்டு கட்டங்களிலும் அதற்கு நல்ல மதிப்பெண். மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரு பூஜ்யம். அதனால் அது நாலாவது இடத்தில் கிடந்தது. நாலாவது என்றால் அந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷமும் நிச்சயமில்லை.

2. பத்துக்குப் பத்து

அந்தத் தோட்டத்தில் ஒரு காலத்தில் லாலான் புல்லை அழிக்க ஆர்சனிக் கலந்த மருந்துதான் அடித்தார்கள். தொழிலாளிகள் அதைப் புல்லு மருந்து என்பார்கள். பிறகு வேறு மருந்துகள் வந்தன. பழையதைத் தொடுவாரில்லை. ஸ்டோரின் பின்புறம் பதினேழு பீப்பாய்களை எண்ணினேன். ஒன்பதில் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை. நிலம் அங்கிருந்து சரிந்து இறங்குகிறது. சரிவின் முடிவில் ஒரு கிணறு. அதற்கப்பால் தொழிலாளிகள் குடியிருக்கும், பத்து வீடுகள் கொண்ட ஒரு லயம்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருந்தோம். ஆர்சனிக் இருக்கிறது என்று பதில் வந்துவிட்டது. ஆகவே மிச்சம் இருந்த கேள்வி ஒன்றுதான். அந்தத் தண்ணீரை யாராவது குடிக்கிறார்களா?

கிணற்றடியில் ஒரு பலகை இருந்தது. தண்ணீர் எடுக்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை. ஏன் என்று அதில் இல்லை. தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி என்னை வீடு வீடாக அழைத்துப் போனார். நல்ல மனிதர், வெயிலுக்குத் தன் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். பத்து வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன். பத்து வீட்டிலும் ஒரே பதில்.

"இல்லீங்க சார். பைப்புத் தண்ணிதான்."

பத்துக்குப் பத்து. எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். கூலிமுக்குத் திரும்பும் வழியிலேயே மனசு அரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் எதையும் எண்ணுகிறவன். லூனாஸ் பாசாரில் பத்துப் பேரிடம் மீன் என்ன விலை என்று கேட்டால் பத்து விலை சொல்வார்கள். பத்து வீட்டில் ஒரே வாக்கியம், ஒரு சொல்கூட மாறாமல் வருகிறதென்றால், அது எப்படி?

இரண்டு நாள் வீட்டிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். "உனக்கு என்னதான் வேணும், ஆமான்னு சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பியா?" என்று என் மனைவி கேட்டாள்.

3. பாக்கியம் அக்கா போட்ட தேத்தண்ணி

ஞானராஜோடு வாக்குவாதம் நடந்த அன்றே, மதியத்துக்கு மேல், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். கிராணியிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வீட்டில் பாக்கியம் என்ற அம்மாள். ரப்பர் மரம் சீவும் வேலை, நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க சார். போன வாரம் வீட்டை எண்ணுனீங்க. இன்னிக்கு என்ன, கோழியா?"

"சும்மா வந்தேன்கா."

"கவர்மெண்டு ஆளு சும்மாக்கூட வர்றாங்களா? சரி, உக்காருங்க, தேத்தண்ணி போடறேன்."

பால் இல்லாத தேத்தண்ணி, நிறையச் சீனி. டம்ளரை நீட்டியபோதுதான் அவர் கையைப் பார்த்தேன். சீவுகிறவர்களுக்குக் கை காய்த்துப்போவது சகஜம். ஆனால் அந்தக் காய்ப்பு கத்தி பிடிக்கும் இடத்தில்தான் இருக்கும். இவருக்கு இரண்டு உள்ளங்கைகளிலும், விரலிடுக்கிலும்கூட, மிளகைத் தூவி ஒட்டவைத்த மாதிரி கெட்டிப் புள்ளிகள். வலது கையில் மட்டும் பத்தொன்பது வரை எண்ணினேன். அதற்குள் கையை இழுத்துக்கொண்டார்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைக்கலாமென்று வீட்டுப் பக்கவாட்டிலிருந்த பைப்பைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"அக்கா, பைப்புல தண்ணியே இல்லையே?"

"காலைல ஒரு மணி நேரம் வரும் சார். வந்தா வரும்."

"அப்ப இந்தத் தேத்தண்ணி?"

அவர் கீரையைப் பார்த்தார். "காய்ச்சுனதுதானே சார். மருந்து குடுக்கற ஆஸ்பத்திரி டிரெசரே சொல்லியிருக்காரு, கொதிக்க வெச்சா எல்லாக் கிருமியும் செத்துடும்னு."

"கிணத்துத் தண்ணி எடுக்கறதில்லன்னு போன வாரம் சொன்னீங்களே?"

"போன வாரம் யாரோட வந்தீங்க? பெரிய கிராணியோட. அந்தப் போர்டை மாட்டுனதே அவருதான். வாளியோட பாத்தா வீட்டைக் காலி பண்ணிடுவேன்னு சொல்லி வெச்சவரும் அவருதான். அவரு குடையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நீங்க, தண்ணி எடுக்கறீங்களான்னு கேக்கறீங்க. நான் என்ன சொல்லணும்னு நினைக்கறீங்க?"

நான் பேனாவை எடுத்தேன்.

"எழுதாதீங்க சார். எழுதுனீங்கன்னா, நான் சொல்லவேயில்லன்னு சொல்லிடுவேன். இந்த வீட்டை விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்ல."

பேனாவை வைத்துவிட்டேன். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் சொல்ல எனக்கு அனுமதியில்லை, சொல்லாமலே கிளம்பினேன். திரும்பும் வழியெல்லாம் மனக்கணக்கு. ஒரு டம்ளரில் எத்தனை மில்லி, சோதனை முடிவின்படி அதில் எவ்வளவு ஆர்சனிக். ஒரு டம்ளரால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று விடை வந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே விடைதான். அப்புறம் அவருடைய டம்ளர்களைக் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

4. தொடாத டம்ளர்

"ஒரு பொம்பள சொன்னா, பேரைப் போடாதன்னா. அதை வெச்சு நான் சயனைடைப் பின்னால தள்ளணுமா?" என்றார் ஞானராஜ். "தலைமையகத்துல என்னைக் கிழிச்சிடுவாங்க லா."

"நீங்களே வந்து பாருங்க சார். கிராணி இல்லாம."

அவர் கெட்டவரில்லை. முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வியாழக்கிழமை பின்னேரம். வேலை முடிந்து பெண்களெல்லாம் லயத்தில் இருந்தார்கள். காரைப் பார்த்ததும் ஏழெட்டுப் பேர் பாக்கியம் அக்கா வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். இரண்டு டம்ளர் தேத்தண்ணி வந்தது. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். ஞானராஜ் வாங்கிக்கொண்டார். வாங்கி, பெஞ்சில் பக்கத்தில் வைத்துவிட்டு, பைப்பு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க ஆரம்பித்தார்.

"ஆறிடும், குடிங்க சார்."

"குடிக்கிறேன்கா."

தொடவில்லை. குழந்தைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். எல்லோரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் அக்காவின் முகம் மாறியது.

"ஏன் சார், எங்க வீட்டு டம்ளர்ல வாய் வைக்க மாட்டீங்களா?"

தோட்டத்தில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். ஞானராஜுக்கு அது தெரியாமலில்லை. அவரும் லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா தந்த தண்ணீரை வாங்காமல் போனவர்களைச் சின்ன வயதில் பார்த்தவர். சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயோ, அது இல்லக்கா. சத்தியமா அது இல்ல. இந்தத் தண்ணில விஷம் இருக்கு. ஸ்டோர்லேர்ந்து இறங்கின புல்லு மருந்து. கொதிக்க வெச்சாலும் போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாத்தான் ஆகும். அதான் என்னால குடிக்க முடியல."

பக்கத்து வீட்டுக் கோழி டம்ளர் அருகே வந்தது. பாக்கியம் அக்கா அதைக் காலால் தள்ளினார்.

இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற இளம்பெண் ஒருத்தி முதலில் பேசினாள். "பால் மாவு இதுலதான் சார் கரைக்கறேன்."

அதன்பின் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எங்க வீட்டுல சோறும் இதுலதான். எங்க வீட்டுல குளிக்க மட்டும்தான், இல்ல, குழம்புக்கும்தான். என் வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமா கால் மரத்துப்போகுது. ஓரமாக நின்ற வயதான அம்மாள் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அப்ப இத்தனை வருஷமா மருந்து அடிச்சது லாலானுக்கு இல்ல. நமக்குத்தான்." நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொன்னா?" என்றார் பாக்கியம் அக்கா.

"ஒருத்தர் பேரும் எழுத மாட்டேன். எத்தனை வீடுன்னு மட்டும்தான் எழுதுவேன். கிராணி கேட்டா, நானே வாளி விட்டுத் தண்ணி எடுத்துப் பாத்தேன்னு சொல்றேன்" என்றேன்.

பத்தில் ஒன்பது வீடு. பத்தாவது வீட்டில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக்கொள்கிறார்கள். என் பூஜ்யத்தை அடித்துவிட்டு அந்த ஒன்பதை எழுதினேன்.

5. முதலாவது

வெள்ளிக்கிழமை போன பட்டியலில் தோட்டம் முதலாவது. சயனைடுப் பட்டறைக்கு இன்னொரு பூட்டும் ஒரு காவலாளும் போட்டோம். பட்டணத்து ஆட்கள் அதற்காக எங்களைத் திட்டினார்கள். பக்கத்திலேயே சாவை வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுகிறீர்களே என்றார்கள். அவர்களுக்கும் அந்த மூன்று கேள்விகளைச் சொன்னேன். பாதிப் பேர் கேட்டார்கள்.

மழைக்கு முன்னால் லோரி வந்தது. இப்படிப்பட்ட கழிவைப் போட அப்போது நாட்டில் முறையான இடம் இல்லை. பதினேழு பீப்பாய்களையும் மேல் மண்ணையும் புதிய பீப்பாய்களில் அடைத்து, சிமெண்ட் தரை போட்ட ஒரு ஸ்டோருக்குக் கொண்டுபோனோம். கிணற்றை மூடி முத்திரை வைத்தோம். யாரையும் வீட்டைவிட்டுக் கிளப்பவில்லை. அதை உறுதிசெய்ய ஞானராஜ் மேனேஜரிடம் மூன்று தடவை போனார். ஆனால் பைப்பு அப்போதும் ஒரு மணி நேரம்தான். வாரத்துக்கு மூன்று நாள் தண்ணீர் லோரி வந்தது, சில வாரம் இரண்டு நாள். "இருந்த தண்ணியையும் மூடிட்டீங்க, இப்ப வாளியோட ரோட்டுல நிக்கறோம்" என்று என்னை முகத்துக்கு நேரே திட்டியவர்கள் உண்டு. நியாயம்தான்.

முத்திரை வைத்த அன்று பாக்கியம் அக்கா பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியும். மூன்று கட்டங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சொன்னேன்.

"இந்த மூணாவது, இனிமே யாரு வாய்க்குள்ள போகும்னு பாக்கறதா?"

"ஆமாக்கா."

"இதுவரைக்கும் குடிச்சதுக்கு எந்தக் கட்டம்?"

தாளை மறுபடி பார்த்தேன். அப்படி ஒரு கட்டம் இல்லை. அமெரிக்காக்காரன் குறிப்பிலும் இல்லை. எது முன்னால் எது பின்னால் என்று சொல்வதோடு அந்தப் பட்டியலின் வேலை முடிந்துவிடுகிறது.

அடுத்த வாரம் அலுவலக வேனில் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் கூலிம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அது என் வேலை இல்லை என்று ஞானராஜ் சொல்லவில்லை, வேன் சாவியைத்தான் எடுத்துத் தந்தார். ஆர்சனிக்கால் கையில் வந்த புள்ளிகள் மறையாது, ஆறு மாதத்துக்கொரு முறை காட்டிக்கொண்டிருங்கள் என்றார் டாக்டர். "மறையாட்டிப் போவுது, கூடாம இருந்தா போதும்" என்று பாக்கியம் அக்கா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கிராணியோடு போவதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று யாரிடமும் கேட்பதில்லை. பைப்பைத் திறந்து பார்ப்பேன், அடுப்பில் இருப்பது எந்தக் குடத்துத் தண்ணீர் என்று பார்ப்பேன், பெண்களின் உள்ளங்கையைக் காட்டச் சொல்வேன். தாளை அதற்கப்புறம்தான் எடுப்பேன். இந்த வேலைக்கு வருகிறவர்களே, நீங்களும் அந்த வரிசையில் செய்யுங்கள்.