கடலோரத்தில் ஆவாரம்பட்டை வாசனை

சபையாரே, என் மகள் கிரேஸ் பிழைக்கமாட்டாள் என்று நான் முடிவு கட்டிய ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். அன்றைக்கு நான் செய்த ஜெபம் அவ்வளவு மரியாதையானதல்ல. பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டவரே பொறுத்துக்கொண்டார்.

சென்ற வருஷம் செப்டம்பர் கடைசியில் பள்ளிக்கூடத்து மிக்கேல்மாஸ் விடுமுறை. ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் மேனேஜர் நான். சரித்திரம் படிக்கிற வியாதி உண்டு. படித்த கடற்கரைப் பட்டணங்களையெல்லாம் குடும்பத்துக்குக் காட்டியே தீருவது என்று, முதலாளியின் பழைய மோட்டாரை இரவல் வாங்கிக் கிளம்பினேன். குடும்பம் அப்படியொன்றும் கேட்கவில்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் பேசினேன். என் மனைவி எஸ்தர் கொட்டாவி விட்டாள். தரங்கம்பாடிக் கோட்டையில் டேனிஷ்காரரைப் பற்றிப் பேசினேன். கிரேஸ் நண்டு பிடிக்கப் போய்விட்டாள்.

பின் சீட்டுக்கு அடியில் மாதிரித் தோல் ஒரு கட்டு வைத்திருந்தேன். பிரயாணம் என்றால் தோல்காரன் கை தானாக மாதிரிக் கட்டைத் தூக்கிவிடும்.

"ஊரு பாக்கப் போறதுக்கு இது எதுக்குங்க?" என்றாள் எஸ்தர்.

"வழியில எவனாவது வியாபாரி கேட்டா?"

"கேக்கும், கேக்கும். கடல்ல மீனு கேக்கும்."

தரங்கம்பாடி தாண்டித் தெற்கே போகையில் குழந்தைக்கு ஜுரம் கண்டது. மத்தியானத்துக்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. பிதற்ற ஆரம்பித்தாள். மழையும் பிடித்துக்கொண்டது. அடுத்த துறைமுக ஊருக்குள் நுழைந்தேன். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கேயும் நல்லவர்கள் உண்டென்று பிற்பாடு தெரிந்தது.

அங்கே கிறிஸ்தவப் பிரயாணிகளுக்கென்று ஒரு விடுதி இருந்தது. விடுதிக்காரர் கதவை அரைவாசி திறந்தார். மூக்கைச் சுளித்தார். ஊரைக் கேட்டார். தொழிலைக் கேட்டார். பிறகு என் தாத்தா என்ன செய்தார் என்று கேட்டார். அது எதற்கென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"தாத்தா சுண்ணாம்புக் குழியில நின்னு தோல் அலசினாரு. கொழந்தைக்கு ஜுரம், ஐயா."

"இடமில்லிங்களே. எல்லா ரூம்லயும் ஆளுங்க."

அவர் பின்னால் வரிசையாகத் திறந்து கிடந்த காலி அறைகளை மழை வெளிச்சத்தில் நன்றாகவே பார்த்தேன். கதவு சாத்திக்கொண்டது.

கடற்கரைச் சாலையில் ஒரு பூவரச மரத்தடியில் மோட்டாரை நிறுத்தினேன். கித்தான் கூரை ஒழுகியது. எஸ்தரின் மடியில் குழந்தைக்குக் கை கால் வெட்டி இழுத்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உரக்கச் சொன்னேன்:

"ஆண்டவரே, வேதத்தில் உம்முடைய அப்போஸ்தலர் கடலோரத்தில் ஒரு தோல் பதனிடுகிறவன் வீட்டில்தான் தங்கினார். அன்றைக்கு எங்கள் ஆள், தாத்தா என்ன செய்தார் என்று கேட்காமல் அவருக்குக் கதவைத் திறந்தான். இன்றைக்கு உம்முடைய முறை. திறவும்!"

"இன்னாங்க இது, ஜெபமா சண்டையா?" என்றாள் எஸ்தர்.

"ரெண்டுந்தான். நீ ஆமென் சொல்லு."

சொன்னாள். சொல்லிவிட்டு, என் மாதிரிக் கட்டை இழுத்துப் பிரித்து, தோல்களைக் குழந்தைமேல் கூரையாகப் பிடித்தாள். தோல் நனைந்தது. நனைந்த தோல் என்ன செய்யும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? பதனிட்ட ஆவாரம்பட்டையின் வாசனை சாலைக்கே போயிற்று.

யாரோ மோட்டாரைத் தட்டினார்கள். குடை, தாடி, முழங்கால்வரை தூக்கிய கைலி.

"யாரு சார் அது, ஆவாரம்பட்டை வாசனை அடிக்குது! வாணியம்பாடியா, ஆம்பூரா?"

"ஆம்பூர்."

"அடடே! நானும் தோல் ஊருக்காரன்தான், மேல்விஷாரம்!" உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் மாறிற்று. "இன்னா சார், கொழந்தைய வெச்சிக்கினு ரோட்ல நிக்கிறீங்க? எறங்குங்க மொதல்ல. பேச்செல்லாம் அப்பறம்."

அவர் பெயர் இப்ராஹிம் பாய். கப்பலுக்கு அனுப்பும் தோல்களை வாங்கிச் சேர்ப்பவர். கடலைப் பார்த்த வீடு. கீழே தோல் கிடங்கு, மேலே குடித்தனம். வாசலைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டதை அப்படியே, கடலோரம் என்பதுவரை பிசகாமல், கொடுத்திருந்தார் ஆண்டவர்.

பாய் ஜட்காவை அனுப்பி டாக்டரை வரவழைத்தார். டாக்டர் ஜுரத்துக்குக் கொய்னா மருந்து கொடுத்தார். பாயின் மனைவி ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி அவர்கள் வழியில் ஓதினாள். எஸ்தர் நம் வழியில் ஜெபித்தாள். விடிகிற நேரத்தில் குழந்தைக்கு வேர்த்து ஜுரம் இறங்கிற்று. கிரேஸ் கண் திறந்தாள்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு வந்துட்டமா? வாசனை வருதே."

அப்போதுதான் அழுதேன்.

இந்தச் சாட்சியை எழுதிக் காட்டியபோது நம் சபை மூப்பர் ஒருவர், "விடுதி விஷயத்த உட்டுடுங்க தம்பி. பாய்னு வேணாம், ஒரு நல்ல மனுஷர்னு போட்டுக்குங்க" என்றார். போடமாட்டேன். கர்த்தர் எந்தக் கதவைச் சாத்த விட்டார், எந்தக் கதவைத் திறந்தார் என்பதுதான் என் சாட்சி. அதைத் திருத்த எனக்கும் அதிகாரம் இல்லை, மூப்பருக்கும் இல்லை.

முன்பெல்லாம் ஆலயத்துக்கு வரும்போது, தோல் வாசனை தெரியக் கூடாதென்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அத்தர் பூசிக்கொண்டு, கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவேன். யாரும் அங்கே போகச் சொன்னதில்லை, நானே போய்க்கொண்டேன். இப்போது அத்தர் இல்லை. முன் பெஞ்சில் உட்காருகிறேன். பிடிக்காதவர்களுக்கு ஜன்னலோரம் காலியாக இருக்கிறது.

வருகிற விடுமுறையில் மறுபடியும் போகிறோம். பாய் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த விடுதிக் கதவையும் தட்டுவேன். உள்ளே கூப்பிட்டால் மகிழ்ச்சி. தோல் கட்டை இந்தத் தடவை எஸ்தரே எடுத்து வைத்திருக்கிறாள்.

நீங்களும் கேளுங்கள், சகோதரரே. தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் அவர் முன்னே நிற்க வேண்டுமென்று காத்திராதீர்கள். கிடங்கிலிருந்து வந்த கையோடு, வாசனையோடு, கோபத்தோடு கேளுங்கள். அவர் மூக்கைச் சுளிக்கமாட்டார்.