அடோமாக்கோவின் டாக்ஸிக்கு டுஃபி ஆயில் மாற்றியது

ஆயில் ஊற்றி முடித்ததும் டுஃபி டப்பாவைக் கீழே வைத்துவிட மாட்டார். புனலின் மேல் அதைக் கவிழ்த்துப் பிடித்தபடி நிற்பார். தாரையாக வந்தது நூலாகும். நூலும் அறுந்து சொட்டாகும். கடைசி இரண்டு சொட்டுகளுக்கு நடுவே ஒருவர் நிதானமாகத் தும்மி, மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். அதுவும் விழுந்த பிறகு, இடுப்புத் துணியில் செருகியிருக்கும் நாலங்குல ஆணியை உருவி, டப்பாவின் அடியில் மூன்று ஓட்டை போடுவார். நல்ல பெயர் போட்ட காலி டப்பாவுக்கு எங்கள் சுவாமே பட்டறைப் பேட்டையில் கிராக்கி உண்டு. எரிந்த ஆயிலைத் துணியில் வடிகட்டி, அதில் அடைத்து, புதிது என்று விற்றுவிடுவார்கள். ஓட்டை போட்ட டப்பாவை யாரும் கேட்பதில்லை.

எதிர்சாரியில் நான் ஃபேன் பெல்ட்டும் பல்பும் விற்கிறேன். வாடிக்கையாளர் வராத நேரம்தான் எனக்கு அதிகம். அதனால் ஆறு வருஷமாக டுஃபியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் பேசிக்கொண்டது குறைவு.

குமாசி நகரத்து வண்டிகளில் பாதி இந்தச் சுவாமேயில்தான் பிரித்துப் பூட்டப்படுகின்றன. பத்தாயிரம் ஆண்களாவது இருப்பார்கள். எல்லோரும் மாஸ்டர்கள். அவர்களுக்கு நடுவே வண்டி ஏற்ற இரண்டு சிமெண்டுச் சரிவு, ஒரு தகரக் கூரை, டுஃபி என்ற நாற்பத்தாறு வயதுப் பெண். எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்தும் ஆயில் மாற்றும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டவர். அதைச் சின்ன வேலை என்று சொல்பவர்கள் உண்டு.

சென்ற டிசம்பரில், ஹர்மட்டான் என்கிற பாலைவனக் காற்றின் புழுதி இறங்கத் தொடங்கிய வாரம், அடோமாக்கோ தன் டாக்ஸியை அந்தச் சரிவில் ஏற்றினார். பின்கண்ணாடியில் ‘இன்னும் இருக்கிறேன்’ என்று எழுதிய வண்டி. பத்தொன்பது வருஷமாக அவருடையது. அவருக்கு வயது அறுபத்தொன்று. அந்த எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் அவர் ஓட்டமும் அத்தோடு முடிந்தது. இந்த வயதில் அவரை நம்பி இன்னொருவர் வண்டி தரப்போவதில்லை.

கையில் இரண்டு டப்பா. ஹாம்பர்க்கில் இருக்கும் மகள் ஃபோசுவா, கப்பலில் வந்த பீப்பாய்க்குள் சோப்புக்கும் பழைய சட்டைகளுக்கும் நடுவே வைத்து அனுப்பிய சிந்தெடிக் ஆயில்.

“இத ஊத்தும்மா டுஃபி. அங்க எல்லா வண்டியும் இதுலதான் ஓடுதாம். எஞ்சினுக்கு ஆயுசு கூடுமாம்.”

பக்கத்துப் பட்டறை துமாசி மாஸ்டர் வந்துவிட்டார். மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். சாதா ஆயிலைத் தேன் மாதிரிக் கெட்டியாகத் தொட்டுப் பழகிய விரல்.

“இது ஆயிலா? பனங்கள்ளே இதவிடக் கெட்டியா இருக்கும். பெரியவரே, வண்டிக்கு ஊத்தப் போறீங்களா, வண்டியக் குளிப்பாட்டப் போறீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டுஃபி எஞ்சின் மூடியைத் திருகி எடுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். விரலில் கரிய களி.

“துமாசி சொல்றதுல பாதி சரி. இது குளிப்பாட்டத்தான் செய்யும். மாமா, இதப் பாருங்க. பத்தொம்போது வருஷ அழுக்கு. இந்த ஆயில் பட்டா இது எல்லாம் கழண்டு வந்து, அடியில ஆயில் உறிஞ்சுற வலைய அடைச்சுக்கும். மேல ஆயில் ஏறாது. அவ்வளவுதான், எஞ்சின் போச்சு.”

“அப்ப வேணாங்கிறியா?”

“வேணாங்கல. இன்னிக்கி வேணாம். அடித்தொட்டியக் கழட்டிச் சுரண்டணும், வலையக் கழுவணும். ரெண்டு நாள் வண்டி நிக்கும். அப்புறம் முதல் டப்பா. மூணு வாரம் ஓட்டிட்டு அதக் கீழ ஊத்திடணும். ரெண்டாவது டப்பாதான் நிரந்தரம்.”

“எம்பொண்ணு கடல் தாண்டி அனுப்பினத மூணே வாரத்துல ஊத்தணுமா?”

“அது துடைக்கிற துணி மாமா. துடைச்ச துணியச் சட்டையாப் போட்டுக்குவீங்களா?”

மறுவாரம் புதன்கிழமை வேலை தொடங்கியது. அடித்தொட்டியிலிருந்து டுஃபி கரண்டி கரண்டியாக வழித்தெடுத்ததை நான் என் கடையிலிருந்தே பார்த்தேன். வலையைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். வாங்கிய சுட்ட வாழைக்காயும் நிலக்கடலையும் பொட்டலம் பிரிக்காமலே பக்கத்தில் கிடந்தன. வெள்ளிக்கிழமை காலை முதல் டப்பாவை ஊற்றினார். எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. அடோமாக்கோ சரிவிலிருந்து இறங்கும்போது தேவையில்லாமல் ஹார்ன் அடித்தார்.

பன்னிரண்டாம் நாள் அதே ஹார்ன். சத்தத்தில் வேறு குணம்.

“டுஃபி! வெளிய வா! ஸ்டாண்டுல என் வண்டி நின்ன இடமெல்லாம் கருப்பு! ‘பெரியவர் வண்டி ஒண்ணுக்குப் போகுது’ன்னு பயலுவ சிரிக்கிறானுவ!”

டுஃபி ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்தார். மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மையாகக் கறுத்திருந்தது. கறுப்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அழுக்கு வருகிறது என்று அர்த்தம். விரலில் தொட்டுப் பார்த்தபோதுதான் நிமிர்ந்தார்.

“இதுல வேற எதையோ ஊத்தியிருக்கீங்க.”

அடோமாக்கோ பார்வையை வேறு பக்கம் திருப்பினார். “அரை லிட்டர். பழைய கெட்டி ஆயில். கொஞ்சம் கனம் இருந்தா நிக்கும்னாங்க...”

துமாசி தொடையில் தட்டினார். “முடிஞ்சுது கதை! ஆன்ட்டி, கேஸ் உன் பக்கம். கலந்தது அவரு. தலையெழுத்தும் அவருது. வண்டிய அனுப்பு.”

எங்கள் சுவாமேயின் வழக்கம் இது. வேலை கெட்டுப்போனால், வண்டிக்காரர் செய்த தப்பு ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்போம். கிடைத்துவிட்டால் மாஸ்டரின் பெயர் பிழைத்தது. இங்கே தேடவே வேண்டியிருக்கவில்லை. அடோமாக்கோவே கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் திட்டு வாங்கத் தயாராகிவிட்டது தெரிந்தது.

டுஃபி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அரை லிட்டர் கலந்ததால இது ஒழுகல. எஞ்சினுக்குப் பின்னாடி இருக்கிற ரப்பர் சீல் ஒழுகுது. தொட்டியக் கழட்டினப்பவே பாத்தேன். காஞ்ச தோல் மாதிரி இருந்துச்சு. அழுக்குதான் அதப் புடிச்சுக்கிட்டிருந்துச்சு. தாங்கும்னு நெனச்சு உங்ககிட்டச் சொல்லாம விட்டேன். தப்பு என்னுது மாமா.”

சுவாமேயில் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

“அப்ப என் எஞ்சின்?” என்றார் அடோமாக்கோ. குரல் இறங்கியிருந்தது.

“எஞ்சின் நல்லாருக்கு. ஆயில் குறையாம பாத்துக்கிட்டா போதும். சீல மாத்திட்டா ஒழுகாது. கூலி வேணாம்.”

அந்த சீலுக்குக் கை போக வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஒருவர் தனியாக இறக்கும் பொருள் அல்ல. டுஃபி மரக்கட்டைகளை அடுக்கிவிட்டு அடியில் நுழைந்தார். அரை மணி நேரம் ஸ்பானர் சத்தம் மட்டும் வந்தது. பிறகு துமாசி மாஸ்டர் சட்டையைக் கழற்றித் தகரத்தில் மாட்டினார்.

“எங்க போறீங்க மாஸ்டர்?” என்று யாரோ கேட்டார்கள்.

“நிழல் நல்லாருக்கு, படுக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார்.

சாயங்காலத்துக்குள் பூட்டிவிட்டார்கள். சரிவின் மேல் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார் டுஃபி. குனிந்து பார்த்தார், அட்டையில் புழுதி மட்டும். மூன்று வாரம் முடிந்ததும் முதல் டப்பா ஆயில் கீழே போனது, இரண்டாவது ஏறியது. ஈஸ்டர் வந்து போனது. ‘இன்னும் இருக்கிறேன்’ இப்போதும் டாஃபோ ரூட்டில் ஓடுகிறது. அதன் பிறகு ஏழெட்டு டாக்ஸிகள் சிந்தெடிக் ஆயிலுக்கு மாறியிருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் டுஃபி முதலில் பின் சீலைப் பற்றிச் சொல்கிறார்.

போன மாதம், இறக்குமதி எஞ்சின் விற்கும் நியாமெச்சேயின் கிடங்குக்கு ஒரு பெல்ட் கொடுக்கப் போனேன். அடோமாக்கோவின் வண்டிக்குப் பொருந்துகிற எஞ்சின் ஒன்றை அப்போதுதான் யாருக்கோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இது மூணு மாசம் என் இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு” என்றார் நியாமெச்சே. “உன் எதிர்க்கடை ஆன்ட்டிதான் முன்பணம் குடுத்து, யாருக்கும் விக்காதேன்னு நிறுத்தி வெச்சிருந்தா. ஒரு பெரியவர் வண்டியில கை வெக்கப் போறேன், கெட்டுப்போனா இதத் தூக்கி அதுல வெக்கணும்னா. மார்ச்சுலதான் வந்து வித்துக்கோன்னா.”

முன்பணம் கொடுத்தது எப்போது என்று கேட்டேன். சீட்டைப் பார்த்துச் சொன்னார். டுஃபி அடித்தொட்டியைக் கழற்றிய புதன்கிழமைக்கு முந்தைய நாள்.