சகலை வீட்டு டிவி

அந்த லிப்ட் மெக்கானிக்குக்கு வேலை செய்யும் இடத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'உஷ்'. கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் ஒருமுறை அவர் வீட்டுக்கு டிவி பார்க்கப் போனார்கள். வாயைத் திறக்கும்போதெல்லாம் "உஷ்!" என்று அடக்கிவிட்டார். கடைசியில் தும்மலைக்கூட மூக்கைப் பிடித்து விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மறுநாள் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

மனிதருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் டிவி. அதுவும் கண்டதையெல்லாம் பார்க்கிற பைத்தியம் இல்லை. அழுகைத் தொடர், ஆட்டம் பாட்டம், நாலு பேர் உட்கார்ந்து கத்துகிற விவாதம் எதற்கும் அவர் வீட்டு ஹாலில் இடமில்லை. கேபிள்காரரிடம் மல்லுக்கட்டி, அந்தப் பக்கம் யாருமே கேட்காத ஒரு சேனலை வாங்கி வைத்திருந்தார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தால் அதை மூன்று முறை திருப்பிக் காட்டாமல், நிதானமாகக் கதை சொல்லும் தொடர்கள் அதில் வரும். "தியேட்டருக்குப் போயி முன்னாடி உக்காந்திருக்கிறவன் தலையப் பாக்கறதுக்கு, வீட்ல உக்காந்து கதையப் பாக்கலாமே" என்பார்.

ஹாலையே அதற்காகத்தான் ஒழுங்கு செய்திருந்தார். டிவியைக் கண் மட்டத்துக்கு இறக்கினார். தெரு விளக்கு திரையில் விழாதபடி ஜன்னலுக்குக் கனத்த துணி போட்டார். தொடர் ஆரம்பிக்கும் முன் போன் ஊமையாகிவிடும், மின்விசிறி ஒரு படி குறையும். குழாய் சொட்டினால் சமையலறை வரை போய் இறுக்கிவிட்டு வருவார். அதன் பிறகு பேச்சு மூச்சு இருக்கக் கூடாது.

அவர் மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருந்தாள். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில். ஞாயிறு மாலைகளில் இவளும் அவரும் மட்டும் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கதை எதிர்பாராமல் திரும்பும் இடத்தில் அவள் "அய்யோ" என்று அவர் மணிக்கட்டைப் பிடிப்பாள். அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் அவர் உஷ் சொல்ல மாட்டார். தன் சந்தோஷத்தில் பாதி அந்தப் பிடியில்தான் இருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

இந்த நிம்மதிக்குள் கல்லைப் போட்டது சகலை. மனைவியின் அக்கா புருஷன். மெத்தைக் கடை வைத்திருந்தார். ஆளும் மெத்தை மாதிரிதான். யார் வந்து சாய்ந்தாலும் இடம் கொடுப்பார். பக்கத்துத் தெரு அடுக்குமாடியில் ஆறாவது மாடிக்குக் குடிவந்த கையோடு, சுவர் கொள்ளாத அளவுக்கு ஒரு டிவி வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? சேனல் எண்கூடத் தெரியாத அந்த மனிதருக்கு, கடைக்கு வந்த யாரோ ஒருவர் புதுமாதிரி பெட்டி ஒன்றைப் பொருத்திக் கொடுத்துவிட்டார். அதில் மெக்கானிக் பார்க்கும் அதே தொடர், அதே அத்தியாயம், ஒரு நாள் முந்தி, சனிக்கிழமையே வந்துவிடும்.

மெக்கானிக் முதன்முதலில் அந்த டிவியைப் பார்த்த அன்று சாப்பாடே இறங்கவில்லை. திரையில் கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. இருட்டில் நிற்கிறவன் சட்டைப் பொத்தான்வரை தெரிந்துவிடும். அதில் சகலை என்ன பார்த்துக்கொண்டிருந்தார்? சமையல் நிகழ்ச்சி. அதுவும் பாதித் தூக்கத்தில்.

"எப்படி இருக்கு சகலை? உங்களுக்குத்தான் இதப்பத்தித் தெரியும்" என்று சகலை வெள்ளந்தியாகக் கேட்டார்.

"கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார் மெக்கானிக். கலர் சரியாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் துறைமுகக் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. படகுப் பட்டறையில் ஒரு பிணம், விசாரிக்க வரும் ஒரு பெண் அதிகாரி, ஆளுக்கொரு பொய் சொல்லும் ஊர். ஒரு ஞாயிறு, செத்துப்போனதாக எல்லோரும் நம்பியிருந்த பட்டறை முதலாளி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நின்றார். மெக்கானிக்கின் உச்சி சிலிர்த்தது. மணிக்கட்டை நீட்டியபடி வைத்திருந்தார். பிடி விழவில்லை. திரும்பிப் பார்த்தார். மனைவி "அய்யோ" என்றாள். ஆனால் கொஞ்சம் பிந்தி, கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல, கடமைக்கு.

"நீ இத முன்னாடியே பாத்துட்ட."

"இல்லியே."

"முகத்தப் பாத்துச் சொல்லு."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "நேத்து அக்கா வீட்ல போட்டாங்க. எந்திரிச்சு வரவா முடியும்?"

"நேத்து மட்டுமா?"

அவள் டிவி பக்கம் பார்வையைத் திருப்பினாள். நாலைந்து வாரமாகவே இது நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துபோனது. அக்காவுக்குத் துணி மடிக்க உதவப் போகிறேன், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்ன சனிக்கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வேறு யாருடனோ ஊர் சுற்றிவிட்டு வந்தாள் என்று கேள்விப்பட்டிருந்தால்கூட நம்பாமல் தள்ளியிருப்பார். இது நம்பும்படியாக இருந்ததுதான் கொடுமை.

"அந்தாளுக்குக் கதையில யாரு யாருன்னாவது தெரியுமா? அவருகூட உக்காந்து பாக்கற அளவுக்கு என்ன இருக்கு அங்க?"

"பேசலாம்" என்றாள் அவள். "அங்க பேசிக்கிட்டே பாக்கலாம்."

அடுத்த சனிக்கிழமை அவரும் வருவதாகச் சொன்னார். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற முகத்தோடு போனார். சகலை வீட்டு ஹாலில் சந்தை இரைச்சல். அக்கா, சகலை, எதிர்வீட்டு டீச்சர், அவள் மாமியார், அந்த மாமியாருடைய காது கேட்கும் கருவியின் விசில் சத்தம். வேர்க்கடலைத் தட்டு கை மாறியது. "இவன்தான் போன வாரம் செத்தவனா?" என்று சகலை கேட்க, "அது இவன் தம்பி, மாமா!" என்று நாலு பேர் சேர்ந்து கத்தினார்கள். மெக்கானிக்குக்கு நாக்கு நுனிவரை உஷ் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆனால் அவரைச் சுட்டது இரைச்சல் இல்லை. நடுவில் விளம்பரம் வந்ததும் எல்லோரும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்கள். "நீ சொல்லு, யாரு பண்ணியிருப்பா?" என்றாள் டீச்சர். மனைவி சோபா நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பெண் அதிகாரியைப்போலவே புருவத்தைத் தூக்கி, ஒவ்வொரு ஆளாக எடுத்து அலசினாள். படகுக்கு வர்ணம் அடிக்கிறவன்மேல்தான் தனக்குச் சந்தேகம் என்றாள். சகலை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கன்னம் சிவந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு அழகாகக் கதை பேசி மெக்கானிக் கேட்டதில்லை. பக்கத்திலேயே வைத்திருந்த பொருளை வேறொருவர் திறந்து பயன்படுத்துவதைப்போல இருந்தது அவருக்கு.

கடைசி அத்தியாயம் மட்டும் எல்லாப் பெட்டியிலும் ஒரே நேரத்தில், ஞாயிறு மாலை என்று அறிவித்தார்கள். மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. இனி சகலைக்கு முந்திக்கொள்ள வழியில்லை. அந்த ஞாயிறன்று, "நம்ம வீட்லயே பாத்துரலாம்" என்றார்.

"நான் அக்கா வீட்டுக்கு வரேன்னு சொல்லிட்டேன். நீங்களும் வாங்க."

"எனக்கு வேல இருக்கு" என்று உம்மென்று வெளியே கிளம்பினார்.

வேலை இருக்கத்தான் செய்தது. சகலை இருந்த அடுக்குமாடியின் லிப்ட் அவருடைய பராமரிப்பில் இருந்தது. மனைவிக்கு மூட்டு வலி. கிளினிக்கில் இரண்டு படி ஏறுவதற்கே கைப்பிடியைத் தேடுகிறவள். லிப்ட் நின்றுவிட்டால் திரும்பி வீட்டுக்குத்தானே வர வேண்டும்? மொட்டை மாடியில் இருந்த மெஷின் ரூமுக்குள் போனார். லிப்டுக்குள் ஆள் யாரும் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, மெயின் சுவிட்சை இறக்கினார். ஓடிக்கொண்டிருக்கும் லிப்டைக் காரணமில்லாமல் அவர் நிறுத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

உடனே போன் அடித்தது. கீழே வாட்ச்மேன். "சார், லிப்ட் நின்னு போச்சு. எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார் மெக்கானிக், மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி.

அவள் திரும்பிப் போவாள் என்று காத்திருந்தார். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் காது கொடுத்தபோது, படிக்கட்டில் செருப்புச் சத்தம் வந்தது. இழுத்து இழுத்து, ஒரு காலை வைத்து மறு காலைச் சேர்க்கிற நடை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியது. அந்த நடையை அவர் எங்கேயும் அடையாளம் சொல்லிவிடுவார். 'திரும்பிப் போயேன்' என்று மனசுக்குள் கெஞ்சினார். நாலாவது மாடிக்கு மேல் சத்தம் நின்றது. அவள் போனில் பேசினாள்.

"அக்கா, முடியல. இங்கயே உக்காந்துட்டேன். ஆரம்பிச்சிடுச்சா? நீங்க பாருங்க."

ஆறாவது மாடிக் கதவு திறந்தது. சகலையின் கனத்த காலடி கீழே இறங்கியது. கையில் பிளாஸ்டிக் நாற்காலி சுவரில் இடிபடும் சத்தம்.

"எந்திரி, இதுல உக்காரு. காலை நீட்டு."

"மாமா, கடைசி அத்தியாயம்! நீங்க போய்ப் பாருங்க."

"எனக்கு யாரு யாருன்னே தெரியல. நீ சொன்னாத்தான் புரியுது. நீ இல்லாம நான் என்னத்தப் பாக்க?" என்ற சகலை, மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், கதவத் திறந்து வெச்சு என்ன நடக்குதுன்னு சொல்லு!"

அக்கா மேலிருந்து கத்தினாள். "பெயிண்ட்காரன் படகுல ஏறிட்டான்!"

"பாத்தியா, நீ சொன்ன ஆளு!" என்றார் சகலை. அவள் சிரித்தாள். மூச்சிரைப்புக்கு நடுவில் வந்த சிரிப்பு.

மெக்கானிக்கின் பொறாமை அந்த இடத்தில் தலைக்கு மேலே போனது. போன வேகத்தில் எங்கேயோ முட்டியும் கொண்டது. அவ்வளவு பெரிய டிவியில், அப்படிப்பட்ட கறுப்பில், கடைசி அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு மனிதர் எழுந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். நாமாக இருந்தால் எழுந்து வந்திருப்போமா? தன்னிடமே பொய் சொல்ல அவரால் முடியவில்லை. விளம்பரம் வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

சுவிட்சை ஏற்றினார். மெஷின் உறுமியது. படியிறங்கினார்.

"அட, வந்துட்டீங்களா சகலை!" என்று எழுந்தார் மெத்தைக் கடைக்காரர். "போன் பண்ணின உடனே வந்து சரி பண்ணிட்டாரு பாத்தியா. கெட்டிக்காரர்மா உன் வீட்டுக்காரர்."

மனைவி அவர் கையில் கருவிப் பை இல்லாததைப் பார்த்தாள். அவர் கீழிருந்து வராமல் மேலிருந்து வந்ததைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மீதிக் கதையை எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். கொலை செய்தது வர்ணம் அடிக்கிறவன் இல்லை. பெண் அதிகாரியின் சொந்தத் தங்கை. மனைவியின் கணிப்பு தப்பானதும் மெக்கானிக்கின் மனசு ஒரு நொடி குதித்தது. அதற்குள் அவளே தலையில் அடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். குதித்த மனசை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். "ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"நீ அங்க இருந்தா நல்லா இருக்க. எங்கிட்ட அப்படி இல்ல. பாக்கப் பொறுக்கல."

"நான் வலியோட ஏறிட்டு இருக்கேன்னு தெரிஞ்சும் மேலயே உக்காந்திருந்தீங்க."

வீட்டில் வெந்நீர்ப் பை வைத்துக் காலுக்கு ஒத்தடம் கொடுக்க அவர் வந்தபோது பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பிறகு வந்த சில ஞாயிறுகளில் அவர் தனியாகப் பார்த்தார். அவர் ஆசைப்பட்ட அமைதி முழுசாகக் கிடைத்தது. மலை ஊரில் நடக்கும் புதுத் தொடர், அருமையான தொடர். சொல்லத்தான் ஆள் இல்லை. ஒரு நாள் தாங்காமல் சோபாவிலிருந்து சமையலறைப் பக்கம் திரும்பி, "அந்தத் தபால்காரன் பொய் சொல்றான்னு தோணுது. உனக்கு என்ன தோணுது?" என்றார். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் பேசியதைக் கேட்டு அவள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். உட்காரவில்லை. நின்றபடியே, "தபால்காரன் இல்ல, அவன் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் ஓரமாக உட்கார்ந்தாள்.

சனிக்கிழமைகளில் அவரும் ஆறாவது மாடிக்குப் போகத் தொடங்கினார். ஒருநாள் சகலையைத் தனியாக பால்கனிக்கு அழைத்தார். "அன்னிக்கு லிப்ட..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சகலை" என்றார் மற்றவர். "மேலருந்து இறங்கி வந்தீங்க. என் வீட்டுக்கு மேல மொட்ட மாடி தவிர வேற என்ன இருக்கு? மெத்த விக்கிறவன்தான், அதுக்காக அவ்வளவுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சும் கெட்டிக்காரர்னு சொன்னீங்களே?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க, அவ முன்னாடி?"

சகலை அவர் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார். அங்கே சகலைக்கு இடம் விட்டு எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பால்கனியில் நின்ற மெக்கானிக்குக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நல்ல மனுஷனாக இருப்பதிலும் இந்த ஆள் நம்மை முந்திவிட்டாரே என்று கொஞ்சம் எரியவும் செய்தது. விளம்பரம் முடிந்துவிட்டது என்று மனைவி உள்ளிருந்து கூப்பிட்டாள். போனார்.