எட்டுக் கட்டத்திலும் வைத்தியம்

எர்மெலிந்தா யாரங்காவால்தான் கோட்டை போயிற்று என்று லீமாவில் எங்கள் கோமாஸ் பகுதியில் இன்னும் சிலர் பேசிக்கொண்டு திரிகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. அப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அன்று அந்த அறையிலேயே இல்லை. நான் இருந்தேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. துபாக் அமாரு சாலையில் ஓடும் காம்பி வேனில் நடத்துனர். வாரத்தில் ஆறு நாள் கதவில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டு நிறுத்தங்களின் பெயரைக் கத்துவாள். வண்டி திரும்பும் முனையில், கோழிக்கடைக்கு மேல் மாடியில், தோன் அபுந்தியோவின் கணினி விளையாட்டுக் கடை இருக்கிறது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் வண்டி பழுதாகி நின்றுவிட்டது. கால் நீட்ட ஓர் இடம் தேடி மேலே ஏறி வந்தாள். அங்கே நாங்கள் ஏழு பேர் எட்டாவது ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் விளையாட்டில் நுழையும்போதே ஒரு தொழிலை எடுத்தாக வேண்டும். கேடயம், வாள், வில், மந்திரம், வைத்தியம். எடுத்தால் எடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. வைத்தியத்தை மட்டும் எவனும் எடுக்க மாட்டான். எதிரியைக் கொன்றேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நம் ஆள் பிழைத்தால் அது அவன் கெட்டிக்காரத்தனம், செத்தால் வைத்தியரின் குற்றம்.

நான்தான் அவளைக் கேட்டேன். "அக்கா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க. இந்தப் பச்சை பட்டனை அமுக்கிட்டே இருங்களேன்."

"அமுக்கினா என்ன ஆகும்?"

"நாங்க சாக மாட்டோம்."

"அமுக்கலேன்னா?"

"செத்துடுவோம்."

"அப்ப கொஞ்சம் மரியாதையாக் கேளு" என்றாள். பிறகு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஆறாம் எண் இயந்திரம் அவளுடையது.

அவள் தொழில் செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் திரையில் ஓர் உயிர்க்கோடு உண்டு. அடி விழுந்தால் கோடு சுருங்கும், வைத்தியர் பட்டனை அமுக்கினால் வளரும். மற்றக் கூட்டங்களின் வைத்தியர்கள் அந்த உயிர்க்கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் விளையாட்டை நடத்தும் இயந்திரங்களோ வேறு தேசத்தில் எங்கோ இருக்கின்றன. லீமாவில் எங்கள் திரையில் தெரிவது எப்போதுமே அரை நொடி பழைய சங்கதி. கோடு சுருங்கிய பிறகு அமுக்கினால் பிணத்துக்குத்தான் வைத்தியம்.

எர்மெலிந்தா உயிர்க்கோட்டைப் பார்க்க மாட்டாள், காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். ஆறாம் இயந்திரம் இரண்டு வரிசைக்கும் நடுவில், சுவரோரமாக இருக்கிறது. அடி விழப்போகிறது என்பது அடிபடப்போகிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளுவேன். எங்கள் தலைவன் ரோமுலோ மூச்சைப் பிடித்துக்கொள்வான். வில்லாள் யெசெனியா தன் அம்மாவைக் கூப்பிடுவாள். அந்தச் சத்தத்துக்கு அவள் விரல் நகர்ந்துவிடும். அடி வந்து விழும்போது மருந்தும் கூடவே வந்து சேர்ந்திருக்கும். நல்ல இயந்திரமும் நல்ல இணைப்பும் வைத்துக்கொண்டு வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து ஆடிய பணக்கார மிராஃப்ளோரெஸ் பகுதி ஆட்களிடமிருந்து நாங்கள் கோட்டையைப் பிடித்தது இப்படித்தான். பதினோரு மாதம் வைத்திருந்ததும் இப்படித்தான். என்னைப் போன்ற வெல்டிங் மேஸ்திரிக்கும் மருந்துக்கடை குமாஸ்தா ரோமுலோவுக்கும் அது சின்ன விஷயமில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு முற்றுகை. அதற்கு முன் ஒரு வழக்கம். வரிசையாக ஒவ்வொருவரும் தன் தொழிலை உரக்கச் சொல்ல வேண்டும். "கேடயம்!" என்பேன் நான். "வில்லு!" என்பாள் யெசெனியா. கடைசியாக எர்மெலிந்தா, நிறுத்தத்தின் பெயரைக் கத்தும் அதே குரலில், "வைத்தியம்!" என்பாள். கீழே கோழிக்கடைக்காரருக்கே கேட்கும்.

போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விளையாட்டை நடத்துகிற கம்பெனியிடமிருந்து அறிவிப்பு வந்தது. இனித் தொழில் என்ற பிரிவே கிடையாது. ஆளுக்கு எட்டுக் கட்டம். எந்தக் கட்டத்தில் எந்த வித்தையை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதுவரை சரிதான். அறிவிப்பின் கடைசி வரிதான் என்னைக் கொதிக்க வைத்தது. "இனி யாரும் யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தார்கள். ஏதோ எங்களை நோயிலிருந்து காப்பாற்றிவிட்டதுபோல!

யெசெனியா மேசையைத் தட்டிச் சிரித்தாள். சந்தையில் போன் உறை விற்கிற பெண். அவள் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது.

"அத்தே, உனக்குப் பிடிச்ச தொழில் உனக்கு அன்னிக்கே கிடைச்சிடுச்சு. நான் பன்னெண்டு வயசுல, படம் அழகா இருக்கேன்னு வில்லைத் தொட்டேன். அந்த ஒத்தப் பட்டனுக்காக ஒன்பது வருஷமா வில்லாள். வேற கூட்டத்துக்குப் போனா, 'வில்லாள் ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க, போயிட்டு வா'ன்னு விரட்டுறான். இது என்ன விளையாட்டா, தலையெழுத்தா?"

"மாத்திக்கோ. நான் வேணாங்கலையே" என்றாள் எர்மெலிந்தா. "வில்லு பிடிக்கலேன்னா வாளை எடு, வாளும் பிடிக்கலேன்னா ரெண்டையும் கலந்துக்கோ. நான் எட்டுக் கட்டத்துலயும் வைத்தியம் வைக்கிறேன். அதுவும் என் இஷ்டம்தானே?"

"இல்ல அத்தே" என்றான் ரோமுலோ. அவன் அதற்குள் எங்கோ படித்துக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். "ஆளுக்கு ஆறு கட்டத்துல அடி, ரெண்டுல வைத்தியம். எட்டுப் பேருக்குப் பதினாறு வைத்தியம் ஆச்சு. உன் ஒருத்தியோடது எட்டுதான். பதினாறு பெருசா, எட்டு பெருசா?"

"டேய் ரோமுலோ, உன் மருந்துக்கடையில ஒருத்தன் மாத்திரை எடுத்துக் குடுக்கிறான், ஒருத்தன் சீட்டைப் படிக்கிறான். வர்றவன் போறவன் எல்லாம் ஆளுக்கு ரெண்டு டப்பாவைத் திறந்தா எப்படி இருக்கும்?"

"அது வேற."

"என்னடா வேற?"

"அத்தே, நீ எட்டும் வைத்தியம்தான்னா அடிக்கிறதுல ஒரு ஆள் குறையுது. கூட்டத்தோட சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. ஒத்துக்கோ, இல்லேன்னா இந்த ஞாயிறு உக்காராதே."

பதினான்கு வருஷத்துக்குப் பிறகு ஒரு தாளைக் காட்டி ஒருத்தியை எழுந்திரு என்கிறான்! நான் வாயைத் திறக்கவில்லை. தலைவனோடு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். இப்போது எரிகிற உடம்பு அன்றைக்கு எரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். ஆறாம் நாற்காலியில் ரோமுலோவின் மச்சினன் உட்கார்ந்திருந்தான். எர்மெலிந்தா அவனை எழுப்பவில்லை. தோன் அபுந்தியோவிடம் ஒரு குவளை ஊதாச்சோள சிச்சா வாங்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.

மூன்று மணிக்குப் பழக்கதோஷத்தில் வரிசையாகச் சொல்லத் தொடங்கினோம். நான் "கேடயம்" என்று சொல்லிவிட்டு, அது பொய் என்று நினைவு வந்து நிறுத்தினேன். என்னிடமும் ஆறு அடி, இரண்டு வைத்தியம்தான். யெசெனியா, "எல்லாம்!" என்றாள். அடுத்தவனும் "எல்லாம்" என்றான். மூன்றாவது ஆளுக்குள் எல்லோரும் சிரித்து, வழக்கம் அதோடு நின்றது.

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். அடி அதிகம், எதிரிகள் மளமளவென்று விழுந்தார்கள். யெசெனியா வாளும் வில்லுமாக மதில்மேல் ஆடிய ஆட்டத்தைப் போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு மிராஃப்ளோரெஸ் ஆட்கள் வாசலில் மொத்தமாக இறங்கினார்கள்.

ரோமுலோவின் கோடு சரிந்தது. எட்டுப் பேரும் அதைப் பார்த்தோம், எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அவனுக்கே இரண்டு வைத்தியத்தையும் போட்டோம். பதினாறும் ஒரே ஆள்மேல் கொட்டி வீணாயின. அவனுக்கு இரண்டு போதும். போட்ட வைத்தியம் மறுபடி கைக்கு வரப் பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியில் மூன்று பேர் செத்தார்கள். அவர்கள் பிழைத்தெழுந்து திரும்பி வந்ததும் அடுத்த தாக்குதல். இந்த முறை, போன தடவை வீணாயிற்றே என்று ஒவ்வொருவரும் அடுத்தவன் போடுவான் என்று காத்திருந்தோம். ஒருவரும் போடவில்லை. பதினாறு வைத்தியமும் கையில் இருக்க, ரோமுலோ செத்தான்.

"எவனாவது போடுங்கடா!" என்று கத்தினான்.

"நீதானே பதினாறுன்னே! எந்தப் பதினாறு?" என்றாள் யெசெனியா.

அப்போது நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன் போலிருக்கிறது. எனக்கே தெரியாது. சுவரோரமிருந்து சத்தம் வந்தது. "மேஸ்திரி விழறான்! யெசெனியா, நீ போடு! மத்தவங்க கையை எடுங்க!"

யெசெனியா போட்டாள். பிழைத்தேன். வாசலும் அந்தத் தடவை பிழைத்தது.

ரோமுலோ திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்படித்தான் அத்தே! அங்கயே நின்னு கத்திட்டே இரு!" என்றான்.

"நாற்காலியக் குடு, சொல்றேன்."

"நாற்காலி எதுக்கு அத்தே? வாய்தானே வேணும்?"

அறையில் யாரோ சிரித்தார்கள். எர்மெலிந்தா குவளையைக் கீழே வைத்தாள்.

"வாரத்துல ஆறு நாள் நின்னுக்கிட்டுக் கத்துறேன். அது என் பொழப்பு. ஏழாவது நாள் உக்காந்து விளையாட வர்றேன். எனக்கும் ஒரு பேர் இருக்கு இதுக்குள்ள, எனக்கும் ஒரு இயந்திரம் இருக்கு. விளையாட விடமாட்டே, ஆனா நான் உனக்கு வேணும். சுவத்துல மாட்டின மணின்னு நினைச்சியா என்னை? உன் மச்சினனை எழுப்பு."

"இப்ப முடியாது அத்தே. சண்டை முடியட்டும்."

"சரி. முடியட்டும்."

கையைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு முறை என் நாற்காலி கிறீச்சிட்டபோதும் அவள் விரல் ஒன்று முழங்கையில் துடித்ததை நான் கவனித்தேன். அவளுக்கும் அது சுலபமாக இருக்கவில்லை. நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்திருக்கலாம், இரண்டு அடி தூரம்தான். எழவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் கோட்டை போயிற்று.

பதினோரு மாதத்துக் கோட்டை! ரோமுலோ ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தான்.

"பார்த்தீங்களா? வாயைத் திறந்திருந்தா கோட்டை இருந்திருக்கும். வேணும்னே விட்டுட்டா."

இதுதான் இன்றுவரை தெருவில் சுற்றும் பேச்சு. அப்போதுதான் எனக்கு நாக்கு வந்தது.

"டேய், நீ ஒரு தாளை நம்பி அவளை எழுப்பினே. நான் வாயை மூடிட்டு இருந்தேன். மூணு மணிக்கு முன்னாடியே வாசலைத் திறந்து விட்டது நாம. கடைசியா பன்னெண்டு நிமிஷம் பேசாம இருந்தவ மேல பழியா? வெக்கமா இல்ல?"

"மேஸ்திரி, அப்ப பழைய மாதிரி எல்லாரையும் ஒரே தொழில்ல கட்டிப் போடணுங்கிறியா?" என்று யெசெனியா என்மேல் பாய்ந்தாள். "நான் திரும்பி வெறும் வில்லுக்குப் போக மாட்டேன், சொல்லிட்டேன்."

பதில் சொன்னது எர்மெலிந்தாதான். "நீ ஏன்டி போகணும்? இன்னிக்கு மதில்மேல பார்த்தேனே, பிரமாதமா ஆடினே. உன்னைக் கட்டிப் போட நான் கேக்கல. யாரும் யாருக்கும் வேணாம்னு எழுதியிருக்கான் பாரு, அதைத்தான் கேக்கிறேன். எல்லாரும் எல்லாம் செய்யலாம்னா சரி. நான் ஒண்ணே ஒண்ணு செய்யக் கூடாதுன்னு யார் சொன்னது?"

யெசெனியா எழுந்து ரோமுலோவின் மேசைப் பக்கம் வந்தாள். "யாரும் சொல்லல. இவன் தாளுதான் சொல்லுது" என்று அந்தத் தாளை எடுத்து, சிச்சா குவளைக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு கோட்டையைத் திரும்பப் பிடிக்கப் போனோம். இரண்டரை மணிக்கே ஆறாம் நாற்காலியில் எர்மெலிந்தா உட்கார்ந்துவிட்டாள். ரோமுலோவின் மச்சினன் வந்து பார்த்துவிட்டுப் பதினோராம் இயந்திரத்துக்குப் போனான். ரோமுலோ அவள் பின்னால் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"அத்தே, ஏழு வைத்தியம், ஒரே ஒரு அடி. ஒண்ணே ஒண்ணு. வெச்சுக்கோயேன்."

"முடியாது."

"கூட்டத்துக்கு ஒரு சட்டம்னு…"

"எழுப்பிப் பாரு" என்றாள், திரும்பாமலே.

அவன் என்னைப் பார்த்தான். நான் யெசெனியாவைப் பார்த்தேன். அவள் தன் நாற்காலியை ஆறாம் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் அஞ்சு அடி, மூணு வைத்தியம். அத்தை சொல்ற ஆளுக்குத்தான் போடுவேன்" என்றாள். ரோமுலோ தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

கோட்டை கிடைக்கவில்லை. மிராஃப்ளோரெஸ் ஆட்களும் அந்த ஒரு வாரத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மதில்வரை போய்த் திரும்பினோம். ரோமுலோ ஐந்து தடவை செத்தான், நான் ஒரு தடவைகூடச் சாகவில்லை. அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எர்மெலிந்தாவிடம் கேட்டது ரோமுலோதான்.

"நான் ரெண்டரைக்கு வருவேன்" என்றாள் அவள். "நீ எப்ப வேணா வா."