வேனுக்கு நான் செய்த மூடி

அம்மாவின் தம்பியான என் மாமா வாங்கிய டீசல் வேனுக்கு எட்டு வயதில் நான் ஒரு மூடி செய்துகொடுத்தேன். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் ஒன்றுசேர்ந்து என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். அதுவும் மூன்று வாரம்தான் நிலைத்தது.

வேன் பழையது. மாமா பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் வைத்திருந்தார். ரம்புக்கனை ஸ்டேசனில் வந்திறங்கும் கொழும்புக் குடும்பங்களை ஏற்றி, சமைத்துப் போட்டு, தூங்க வைத்து, மலைநாட்டைச் சுற்றிக் காட்டுவது அவருடைய திட்டம். வீடு வாசல் இருக்கிறவன் எதற்காக வேனில் போய்ப் படுக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். ஆனால் அந்தக் கட்டிலில் முதலில் படுத்துக் குறட்டை விட்டவரும் அப்பாதான்.

ஒரே இடைஞ்சல், எஞ்சின். காலையில் அதை எழுப்புவதற்குள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் வந்து தள்ள வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு டீசல் டாங்கியின் மூடி எங்கோ விழுந்து தொலைந்தது. மாமா பொலித்தீன் பையைக் கட்டிப் பார்த்தார், மழைத் தண்ணீர் உள்ளே போவது நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒட்டுப்பால் ஞாபகம் வந்தது. நாங்கள் குடியிருந்தது ரப்பர் தோட்டத்தில். மரத்தில் கீறிய இடத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலுக்கு ஒட்டுப்பால் என்று பெயர். ஓட்டை வாளி, ஆடும் கதவு, ஒழுகும் குழாய் எல்லாவற்றுக்கும் அப்பா அதைத்தான் அடைப்பார். நானும் ஒரு பெரிய உருண்டையாக உருட்டி டாங்கியின் வாயில் அமுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. மாமா அதைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, கடையில் வாங்கினால்கூட இப்படி அமையாது என்றார். காலமெல்லாம் ரப்பரோடு கிடந்த அப்பாவும் ஆமாம் என்றார்.

அதன் பிறகு எஞ்சினுக்கு வேறு வியாதி வந்தது. இரண்டு மைல் ஒழுங்காக ஓடும், திணறும், நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். தான் டயரை உதைத்ததால் கிளம்பியது என்று மாமா நம்பினார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதால் கிளம்பியது என்று அத்தை நம்பினார்.

அத்தை மாமாவைக் கட்டி வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. மாமாவின் பாஸ்போர்ட்டோ கட்டார் நாட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டிடம் இருந்தது. சனிக்கிழமை முதல் குடும்பம் வருகிறது, அதற்குள் வேன் நிற்காமல் ரம்புக்கனைக்குப் போய்த் திரும்பாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவேன் என்று மாமா சொல்லிவிட்டார். இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் கட்டாரிலிருந்து மகளுக்குப் புலிப் படம் போட்ட போர்வையும் ஒரு பை நிறைய சொக்லேட்டும் அனுப்பியிருந்தார். வேன் ஓடினாலும் லாபம், ஓடாவிட்டாலும் லாபம் என்றிருந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

வியாழக்கிழமை வெள்ளோட்டம். மாமா, அத்தை, அப்பா, நான். ரம்புக்கனை போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் நின்றது. மூன்றாவது தடவை மாமா டயரை உதைக்கவில்லை. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "போதும். நாளைக்கே ஏஜென்டுக்குப் போன் பண்றேன்" என்றார்.

அத்தை மாமாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் வேனிலிருந்து இறங்கிவந்து, "ஒரே ஒரு தடவ பாஸ்கிட்ட காட்டிருவோங்க. அதுக்கப்புறம் போறதுன்னா போங்க" என்றார். பாஸ் என்பது சந்தியில் கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக். தனக்குத் தெரியாத எஞ்சினா என்ற வீம்பில் மாமா அவரிடம் போகாமலே இருந்தார்.

சந்திவரை தள்ளிக்கொண்டு போனோம். பாஸ் எஞ்சினைத் திறக்கவே இல்லை. டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஊதினார், குறட்டால் எதையோ இழுத்தார். பிசுபிசுவென்று கறுத்த ஒரு துண்டு வந்தது. பிறகு இன்னொன்று. என் மூடியின் அடிப்பக்கம் டீசலில் ஊறி, இளகி, துண்டு துண்டாக உள்ளே விழுந்திருக்கிறது. ஓடும்போது குழாயை அடைப்பதும், நிறுத்தினால் விலகிப்போவதுமாக மூன்று வாரமாக விளையாடியிருக்கிறது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் ரோட்டைப் பார்த்தார்.

"எஞ்சின் எக்க ஹொந்தாய்" என்றார் பாஸ். எஞ்சின் நன்றாக இருக்கிறதாம். காலையில் கிளப்புவதற்குப் புது பேட்டரி போட்டால் போதுமாம். மாமா இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பாஸும் இரண்டு தடவை அதையே சொன்னார்.

டாங்கியைக் கழுவி முடிக்கச் சாயங்காலமானது. திரும்பும் வழியில் வேன் ஓரிடத்திலும் நிற்கவில்லை, மாமா ஏற்றத்தில்கூடப் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார். பின்னால் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தமே இல்லை, தோள்தான் குலுங்கியது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கட்டார் கைவிட்டுப் போனால் யாருக்குத்தான் அழுகை வராது? அவர் காதருகே போய், "அழாதீங்க அத்தை, மாமா அடுத்த வருசம் கட்டாயம் போவாரு" என்று ஆறுதல் சொன்னேன்.